கூட்டாளி மாறலாம், முத்திரை மறையலாமா?

அரக்கோணத்தில் ரேணிகுண்டா பக்கம் போகும் ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருத்தணி மலை தெரியும். 2018க்குப் பிறகு தமிழில் சினிமாவுக்கு வெளியே நடந்த இசையைப் பற்றி யார் பேசினாலும் விட்டுவிட முடியாத பெயர் தெருக்குரல் அறிவு. அவர் அந்த அரக்கோணத்துக்காரர். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பல குரல்களில் ஒரு குரலாக வெளியே தெரிந்தவர், 2018க்கும் 2021க்கும் இடையில் மூன்று வெவ்வேறு இசைத் தயாரிப்பாளர்களோடு முக்கியமான வேலைகளைச் செய்தார். மூன்று இடத்திலும் குரல் ஒன்றுதான். ஆனால் கேட்டவர்களுக்குக் கிடைத்தது மூன்று அறிவு. ஒரு ராக் குழுவோ ராப் பாடகரோ கூட்டாளிகளை மாற்றிக்கொண்டே போகும்போது அடையாளம் வளர்கிறதா, கரைகிறதா என்ற கேள்விக்கு நம் கண்ணெதிரே இருக்கும் நல்ல சான்று இது.

இங்கே தயாரிப்பாளர் என்று நான் சொல்வது படத்துக்குப் பணம் போடுபவரை அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் குழுவோடு உட்கார்ந்து, எந்த வாத்தியம் முன்னே வர வேண்டும், எது அடங்க வேண்டும், பாட்டின் வேகம் என்ன, பாடிய பல டேக்குகளில் எது மிஞ்ச வேண்டும் என்று முடிவெடுப்பவரை. பீட்டில்ஸ் குழுவின் ‘யெஸ்டர்டே’ பாட்டில் வயலின் குடும்பத்து வாத்தியங்கள் நான்கைச் சேர்க்கலாம் என்று சொன்னவர் அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். அந்த யோசனை இல்லாமல் அந்தப் பாட்டை இன்று நினைத்துப் பார்க்கவே முடியாது. தயாரிப்பாளரின் கைக்கு அவ்வளவு வலு உண்டு. அதனால்தான் அந்தக் கை மாறும்போது என்ன ஆகிறது என்பதை ஆற அமரப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளியாள் கை பட்டால் இசை கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் திருத்தணியின் இசை வரலாற்றைக் கொஞ்சம் புரட்டலாம். முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையை இந்த மலையில்தான் பாடினார் என்பது மரபு. மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்த ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ அது. அதற்கு முன்பே அவர் காசியில் சில ஆண்டுகள் தங்கி வடநாட்டு இசையைக் காதாரக் கேட்டவர். சென்னையை அடுத்த மணலியில் குடும்பம் இருந்த காலத்தில், ஆங்கிலேயரின் பேண்டு இசையும் அவர் காதில் விழுந்தது. அந்த மெட்டுகளில் சமஸ்கிருத வரிகளை அமைத்ததால் பிறந்தவைதான் நோட்டுஸ்வர சாகித்தியங்கள். தம்பி பாலுசுவாமி மேலை முறையில் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். இத்தனையும் கலந்த பிறகும் தீட்சிதர் தீட்சிதராகவே இருந்தார். அவருடைய கீர்த்தனைகளுக்குள் ‘குருகுஹ’ என்ற முத்திரை உட்கார்ந்திருக்கிறது. பாடுபவர் மாறினாலும் பக்கவாத்தியம் மாறினாலும் அது யார் பாட்டு என்ற கேள்வி எழாது.

அதே வரலாற்றில் ஒரு குறையும் இருக்கிறது. அந்த ஆங்கில, ஐரிஷ் மெட்டுகளை முதலில் போட்டவர்கள் யார் என்பதை நோட்டுஸ்வரங்கள் சொல்வதில்லை. எந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைப் பிற்காலத்து ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வாங்கியவர் முத்திரை நின்றது, கொடுத்தவர் பெயர் மறைந்தது. இசையில் கூட்டுச் சேர்வதன் நன்மை, தீமை இரண்டுக்கும் இதைவிடத் தெளிவான முன்னுதாரணம் தேவையில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ பிறக்கும்போதே கூட்டுமுயற்சியாகப் பிறந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் கைகோத்து உருவாக்கிய குழு அது. சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது குழுவில் 19 பேர் இருந்தார்கள். கானா பாடகர்கள், ராப் பாடகர், பறை, சட்டி, மேளம் ஒரு பக்கம். எலெக்ட்ரிக் கிதார், பேஸ், ட்ரம் செட் இன்னொரு பக்கம். இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே பாட்டில் உட்கார வைப்பது டென்மாவின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு எவ்வளவு கடினமானது என்பது கானாவை அதன் இடத்தில் கேட்டவர்களுக்குத் தெரியும். வடசென்னைச் சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடும் கானாவில் வேகத்தைப் பாடுபவர்தான் வைப்பார். சொல் நீண்டால் தாளம் காத்திருக்கும். செத்தவரின் பெயர், அவர் செய்த வேலை, அவர் பிள்ளைகளின் பெயர் எல்லாம் அந்த இடத்திலேயே பாட்டுக்குள் வந்துவிடும். ட்ரம் செட்டும் பேஸும் நுழைந்த உடனே வேகம் ஒரே அளவில் நிற்க வேண்டும், சரணத்துக்கு எத்தனை சுற்று என்பது முன்கூட்டியே முடிவாக வேண்டும். கிதார்க்காரர் எப்போது வர வேண்டும் என்பது பாடுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கானாவின் வசதியும் ராக்கின் வசதியும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருப்பவை.

டென்மாவின் ஏற்பாட்டில் கிடைத்த ஆதாயம் பெரியது. சினிமா கானாவை வெகுகாலமாகக் குத்தாட்டத்துக்கும் கேலிக்கும் ஒதுக்கி வைத்திருந்தது. அதே கானாக் குரல் இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறி உணவையும் பாடியதும், அதற்குப் பின்னால் கிதார் கனத்து எழுந்ததும் கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைத்தன. ஆண்களே ஆண்ட கானாவில் இசைவாணி என்ற பெண் குரலுக்கு இந்த மேடை இடம் கொடுத்தது. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’, சபாக்களின் மாதத்தில் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் மேடை போட்டது. சரியான கூட்டாளி கிடைத்தால் ஒரு கலை தன் எல்லையை எவ்வளவு தூரம் தள்ள முடியும் என்பதற்கு இவை சான்று.

குறையையும் சொல்ல வேண்டும். குழுவின் பாட்டுகளைத் தொடர்ந்து கேட்கும்போது ஒரு வார்ப்பு காதில் பிடிபடுகிறது. அடங்கிய தொடக்கம், முழக்கம்போல் திரும்பத் திரும்ப வரும் பல்லவி, கடைசியில் எல்லா வாத்தியமும் சேர்ந்து எழும் உச்சம். ஒவ்வொரு பாடகருக்கும் சொந்தமான இழுப்பும் நிறுத்தமும் இருக்கும்போது, எல்லோரையும் ஒரே கை அடுக்கினால் அந்த வேறுபாடுகள் தேய்கின்றன. முன்பே எழுதி ஒத்திகை பார்த்த பாட்டில், கூடியிருப்பவர் முகம் பார்த்து அங்கேயே சரணம் கட்டும் பழக்கத்துக்கு இடம் குறைகிறது. மேடைக்காக கானா கொடுத்த விலை அது. கிடைத்ததோடு ஒப்பிட்டால் கொடுக்கத் தக்க விலை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் விலையே இல்லை என்று சொல்லக் கூடாது.

அறிவின் அடுத்த கூட்டாளி இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோ. இருவரும் சேர்ந்து 2019இல் ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டார்கள். அந்தத் தலைப்பே பிறகு அவர் பெயருக்கு முன்னொட்டாக ஒட்டிக்கொண்டது. அதில் உள்ள ‘ஆன்டி இந்தியன்’, ‘கள்ளமௌனி’ போன்ற பாட்டுகளைக் காஸ்ட்லெஸ் கலெக்டிவின் பாட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பத்தொன்பது பேரின் ஆரவாரம் இல்லை. கணினியில் கட்டிய தாளமும் கனத்த பேஸும் நடுவே ஒற்றைக் குரலும். மேடையில் ஒரு கூட்டத்தின் சார்பாக முழங்கியவர் இங்கே எதிரே இருக்கும் ஒருவரிடம் விவாதிக்கிறார். எதுகையின் நெருக்கம், மூச்சு விடாமல் ஓடும் சொல்லடுக்கு, திடீரென்று ஒரு சொல்லில் ஊன்றி நிற்பது என அவருடைய கைத்திறன் முழுதாகக் கேட்கக் கிடைத்தது இந்தத் தொகுப்பில்தான். தயாரிப்பாளர் தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டதால் கிடைத்த பலன் அது. கூட்டாளி சேர்ப்பது மட்டும் உதவி ஆகாது, விலக்கி வைப்பதும் உதவிதான் என்று இளம் தயாரிப்பாளர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது கூட்டணி உலகம் அறிந்தது. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்ஜாய் எஞ்சாமி’. பாடகி தீயும் அறிவும் பாடியது, சினிமா இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரித்தது, மாஜா தளம் வெளியிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் கதை அதன் உள்ளே இருக்கிறது. காணொளியிலும் அந்தப் பாட்டி வருகிறார். நிலமற்றவரின் துயரத்தை ஆடவைக்கும் தாளத்தில் கொடுத்து, ஒப்பாரியை உலகச் சந்தைக்குள் தலைநிமிர்ந்து நடக்கவைத்த பாட்டு அது. சந்தோஷ் நாராயணனின் கை இல்லாமல் அந்த வீச்சு கிடைத்திருக்காது. அறிவின் வரியும் வரலாறும் இல்லாமல் அந்தக் கைக்குப் பிடிக்க எதுவும் இருந்திருக்காது. தீயின் குரல் இல்லாமல் அது வேறு பாட்டாகியிருக்கும்.

யூடியூபில் அந்தப் பாட்டு வெளியான தலைப்பு வரியைக் கவனியுங்கள். முதலில் தீயின் பெயர். அடுத்து, விருந்தாளிக் கலைஞரைக் குறிக்கும் ‘எஃப்டி.’ என்ற இரண்டு எழுத்துக் குறிக்குப் பிறகு அறிவின் பெயர். அடைப்புக்குறிக்குள் தயாரிப்பாளரின் பெயர். இசை வியாபாரத்தில் இது வழக்கமான வரிசை. யாரோ திட்டமிட்டு ஒருவரை இறக்கிவைத்ததாகச் சொல்ல இந்த வரி போதாது. ஆனால் பாட்டின் கதை யாருடைய பாட்டியிடமிருந்து வந்ததோ அவர் விருந்தாளியாகத் தெரிகிறார். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவு இல்லாமல் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றபோது பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். பிறகு அந்த இதழ் அறிவுக்கும் ஓர் இணைய அட்டை போட்டது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே அந்தப் பாட்டு மேடையேறியது. அதைத் தொடர்ந்து, பாட்டை உருவாக்கியதில் தன் பங்கு என்ன என்று அறிவு எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தன் தரப்பை எழுதினார். பாட்டு வந்து மூன்றாண்டு கழித்து, 2024 மார்ச்சில், அதிலிருந்து தனக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகப் பேசினார்.

இதில் யார் சொல்வது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அறைக்குள் இருந்தவர்களுக்குத்தான் அது தெரியும். என் அக்கறை வேறு. கோடிக்கணக்கான பேர் கேட்ட ஒரு பாட்டில் மெட்டு யாருடையது, வரி யாருடையது, ஏற்பாடு யாருடையது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு கணக்கு பொதுவெளியில் இல்லை. அந்த ஒரு குறை, மூன்று திறமையானவர்களின் உழைப்பையும் தகராறாக மாற்றிவிட்டது.

இது ஏன் தமிழில் அதிகம் நேர்கிறது? நம் காது சினிமாவில் பழகியது. பாட்டு என்றால் நமக்கு இசையமைப்பாளர் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். வாத்திய ஏற்பாடு செய்தவர், தாளம் கட்டியவர், புல்லாங்குழலில் அந்த ஒரு பிடியை வாசித்தவர் எல்லோரும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஏ.ஆர். ரகுமான் கேசட் அட்டையில் வாத்தியக்காரர்கள், ஒலிப்பொறியாளர்கள் பெயர்களை அச்சிட்டது அந்தக் காலத்தில் புதுமையாகப் பேசப்பட்டது என்றால், அதற்கு முந்தைய நிலை என்ன என்று புரியும். இந்தப் பழக்கத்தோடு வளர்ந்த நமக்கு, ஒரு குழு சினிமா இசையமைப்பாளரோடு சேர்ந்தால் அந்தப் பாட்டு தானாகவே இசையமைப்பாளர் பாட்டாகிவிடுகிறது. யாரும் எதையும் பிடுங்க வேண்டியதே இல்லை. கேட்பவரின் பழக்கமே அதைச் செய்துவிடுகிறது.

சட்டமும் பாதி வழிதான் வருகிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், திரைப்பாட்டின் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் உள்ள பங்கைப் பாதுகாத்தது. நல்ல மாற்றம். ஆனால் கானாவும் ராப்பும் கலக்கும் அறையில் மெட்டு ஒருவர் தலையில் பிறப்பதில்லை. பாடுபவர் ஓர் இழுப்பைப் போடுகிறார், சட்டிக்காரர் அதற்கு ஓர் அடி வைக்கிறார், கிதார்க்காரர் கீழே இரண்டு சுரம் நிறுத்துகிறார். இசையமைப்பாளர் யார் என்ற ஒற்றைக் கட்டத்தில் இவர்களில் யார் பெயரை எழுதுவது? எழுதி வைத்த உடன்பாடு இல்லாவிட்டால், யார் கையில் கூடமும் வெளியீட்டுத் தளமும் இருக்கிறதோ அவர் பக்கம் தராசு சாயும்.

வெளிநாட்டில் கூட்டாளி மாறும் இந்தச் சோதனையைத் தாண்டிய குழுக்கள் உண்டு. அயர்லாந்தின் யூ2 முதல் மூன்று தொகுப்புகளை ஸ்டீவ் லில்லிவைட்டோடு செய்தது. மூன்றாவதான ‘வார்’ நல்ல வெற்றி. அதே பாதையில் போகாமல் 1984இல் ‘தி அன்ஃபர்கெட்டபிள் ஃபயர்’ தொகுப்புக்கு பிரையன் ஈனோவையும் டேனியல் லான்வாவையும் அழைத்தது. நேரடியாக மோதிய கிதார் ஒலி, பனிமூட்டம்போல் பரவும் ஒலியாக மாறியது. 1991இல் ‘ஆக்டங் பேபி’யில் மறுபடி இன்னொரு முகம். இத்தனை மாறியும் அது யூ2வாகவே இருந்ததற்குக் காரணம் எளிது. நான்கு பேர் மாறவில்லை, பாட்டின் இசை குழுவின் பொதுப்பெயரில் நின்றது, கடைசிச் சொல் குழுவிடம் இருந்தது. தயாரிப்பாளர்கள் வந்தார்கள், கொடுத்தார்கள், பெயரோடு போனார்கள்.

கடைசிச் சொல் கைநழுவினால் என்ன ஆகும் என்பதற்கும் பீட்டில்ஸே சான்று. பிரிந்துகொண்டிருந்த நேரத்தில் ‘லெட் இட் பி’ ஒலிநாடாக்கள் ஃபில் ஸ்பெக்டரிடம் போயின. பால் மெக்கார்ட்னியின் பாட்டு ஒன்றின் மேல் அவர் வாத்தியக் கூட்டத்தையும் பெண்கள் கோரஸையும் ஏற்றினார். மெக்கார்ட்னி கொதித்துப் போனார். 1970இல் வந்த அந்தத் தொகுப்பை, ஏற்றியதையெல்லாம் இறக்கி, 2003இல் மறுபடி வெளியிட்டார்கள். முப்பத்து மூன்று ஆண்டு ஆறாத மனக்குறை அது.

இந்தியாவிலிருந்து டெல்லியின் ‘இண்டியன் ஓஷன்’ குழு இன்னொரு பாடம். பாடகரும் தபலாக் கலைஞருமான அசீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் மறைந்தார். குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கிதார்க் கலைஞர் சுஷ்மித் சென் 2013இல் விலகினார். அடுத்த ஆண்டு வந்த ‘தண்டானு’ தொகுப்பில் பாட்டுக்குப் பாட்டு வெளியிலிருந்து ஒரு கலைஞர் வந்து சேர்ந்தார். வந்தவர்கள் எல்லோரும் பெரியவர்கள், பெயர்களும் பளிச்சென்று இருந்தன. கணக்கு சுத்தமானது. இருந்தும் முந்தைய ‘கந்திஸா’ தொகுப்பின் காலத்தில், வடநாட்டு வாத்தியம்போல் ஒலித்த சுஷ்மித்தின் கிதாரைக் கேட்டவர்களுக்கு ஒரு வெறுமை தட்டும். சில அடையாளங்கள் ஓர் ஆளின் விரலில் இருப்பவை. எவ்வளவு நேர்மையான ஏற்பாடும் அவற்றை மீட்டுத் தராது. கூட்டாளி மாற்றத்தின் எல்லை அது.

அப்படியானால் ஒரு குழு தன் அடையாளத்தை எதில் சோதித்துப் பார்ப்பது? பதில் திருத்தணி மலையடிவாரத்தில் கிடைக்கும். ஆடிக்கிருத்திகைக்கு வரும் காவடிகளோடு பம்பை செட்டுகளும் வரும். பித்தளையில் ஒன்று, மரத்தில் ஒன்று என இரண்டு உருளைகளைச் சேர்த்து இடுப்போடு கட்டியிருப்பார்கள். குச்சி பட்டதும் காவடிக்காரரின் கால் தானாக எழும். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. தமிழ் பேசுபவரும் தெலுங்கு பேசுபவரும் ஒரே படியில் ஏறுகிறார்கள், அதே அடிக்கு ஆடுகிறார்கள். அங்கே ஆள் மாறினாலும் இசை கலைவதில்லை. அடி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அது யாருடைய கூடத்திலும் பூட்டி வைக்கப்படவில்லை. ஒரு குழுவின் பாட்டை, அதைத் தயாரித்தவர் இல்லாமல், நாலு பேர் வாத்தியத்தோடு ஒரு திறந்த மைதானத்தில் நிறுத்திப் பாடிப் பாருங்கள். பாட்டு நின்றால் அடையாளம் குழுவிடம் இருக்கிறது. விழுந்தால் அது கூடத்தில் தங்கிவிட்டது.

இந்தச் சோதனையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பெரும்பாலும் தேறும். அதன் பாட்டுகள் மேடைக்காகவே பிறந்தவை. ‘தெருக்குரல்’ பாட்டுகளை அறிவு வெறும் கைத்தட்டலுக்குக்கூடப் பாட முடியும். ‘எஞ்ஜாய் எஞ்சாமி’யின் ஒப்பாரியும் கூடம் இல்லாமலே நிற்கும். அறிவு பின்னாளில் ‘அம்பஸ்ஸா’ என்று தமக்கென ஒரு குழுவைத் திரட்டியதையும், ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பாட்டியின் பெயரிலேயே தொகுப்பு கொண்டுவந்ததையும் இந்த நோக்கில்தான் பார்க்கிறேன். தீட்சிதர் பாட்டுக்குள் வைத்த முத்திரையை இவர் தொகுப்பின் நெற்றியில் வைத்திருக்கிறார்.

என் முடிவு இது. கூட்டாளி மாறுவது குழுவுக்குக் கேடு அல்ல. மாறாத குழு தன்னையே திரும்பப் பாடத் தொடங்கும். கேடு, கொடுத்தவர் பெயர் மறைவதிலும் கடைசிச் சொல் சத்தமில்லாமல் கைமாறுவதிலும் இருக்கிறது. சமத்துவத்தைப் பாடும் குழுவுக்கு இந்தப் பொறுப்பு இரண்டு மடங்கு. மேடையில் பாடும் நியாயம் ஒப்பந்தத் தாளிலும் இருக்க வேண்டும்.

திருத்தணியிலும் அரக்கோணத்திலும் இன்று கைப்பேசியில் தாளம் கட்டிப் பாட்டு எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். தம்பி, தங்கைகளே, நல்ல தயாரிப்பாளர் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். பதிவு தொடங்கும் முன் மெட்டு, வரி, தாளம், ஏற்பாடு என்று நான்கு வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே பெயரும் பங்கும் குறித்து, அறையில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சட்டிக்காரரையும் விட்டுவிடாதீர்கள். பாட்டைப் பகிரும் நாமும் முதல் பெயரோடு நிறுத்தாமல் எல்லாப் பெயரையும் எழுதுவோம்.